வடக்குச் சமவெளிப் பண்ணையின் மூலப்பத்திரம்

அமெரிக்காவின் வடக்குச் சமவெளி என்பது வடக்கு டக்கோட்டா, தெற்கு டக்கோட்டா, மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் பரந்து கிடக்கும் புல்காடு. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று அங்கே அவ்வப்போது விற்பனைக்கு வரும். இத்தனை ஆயிரம் ஏக்கர், இத்தனை மாடு மேயலாம், இத்தனை கிணறு, இத்தனை மைல் ஆற்றங்கரை என்று விளம்பரம் போடுவார்கள். நம்மூரில் அரைக் காணி வாங்குகிறவர்கூட முதலில் மூலப்பத்திரத்தைக் காட்டு என்பார். அடுத்து வில்லங்கம் பார்ப்பார். அரசாங்க உத்தியோகத்தில் பல வருஷம் பத்திரக் கட்டுகளைப் புரட்டியவன் என்பதால் எனக்கும் அந்தக் கேள்விதான் எழுகிறது. அந்தப் புல்வெளிக்கு மூலப்பத்திரம் எது?

தேடிப் போனால் முதல் ஏடு பிரெஞ்சுக்காரர்களிடம் இருக்கிறது. லா வெராந்திரி என்ற குடும்பத்தின் பிள்ளைகள் கனடாவிலிருந்து கிளம்பி இந்தச் சமவெளியில் அலைந்தார்கள். 1743 மார்ச் மாதம், இன்றைய தெற்கு டக்கோட்டாவில் மிசூரி ஆற்றை ஒட்டிய ஒரு குன்றின் மேல், பதினைந்தாம் லூயி ராஜாவின் பெயரால் ஓர் ஈயத் தகட்டைப் புதைத்து வைத்தார்கள். இந்த நிலம் ராஜாவுடையது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 170 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த அந்தத் தகடு 1913-இல் அங்கே விளையாடிய பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைத்தது. 1743-இல் நம்மூரில் துய்ப்ளேக்ஸ் கவர்னர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். அதே லூயிதான் நமக்கும் ராஜா.

அங்கே அலைந்த பிரெஞ்சுத் தோல் வியாபாரிகள் விட்டுப்போன சொற்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. புல்வெளிக்குப் 'ப்ரெரி' என்பது நம் பள்ளிப் பிரெஞ்சுதான். தனித்து நிற்கும் குன்றுக்கு 'புய்த்'. அமெரிக்கர் வாயில் அது 'பியூட்' ஆகிவிட்டது. லிட்டில் மிசூரி ஆற்றின் இருபுறமும் மண் அரித்து மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் இடத்தை 'மொவேஸ் தேர்', அதாவது கடந்து போக முடியாத பொல்லாத நிலம் என்றார்கள். அதன் மொழிபெயர்ப்புதான் 'பேட்லாண்ட்ஸ்'.

1762-இல் பிரான்ஸ் இந்தப் பிரதேசத்தை ஸ்பெயினுக்குத் தாரை வார்த்தது. 1800-இல் நெப்போலியன் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்றே வருஷத்தில், 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட உடன்படிக்கையில், பார்பே-மர்புவா என்ற கஜானா மந்திரி கையெழுத்திட, மிஸிஸிப்பிக்கு மேற்கே ஏறத்தாழ 8,28,000 சதுர மைல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. விலை 1.5 கோடி டாலர். கணக்குப் போட்டால் ஏக்கர் ஒன்றுக்கு 3 சென்ட் கூட வரவில்லை. விற்றவர் அந்த நிலத்தைப் பார்த்ததில்லை. வாங்கியவரும் பார்த்ததில்லை. அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் இருந்தார்கள். லிட்டில் மிசூரிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1851-இல் ஃபோர்ட் லாரமி என்ற இடத்தில் அமெரிக்க அரசாங்கமே பழங்குடிகளைக் கூட்டி வைத்து எல்லை எழுதிக்கொண்டது. அதன்படி இந்த ஆற்றுப் பகுதி மாண்டன், ஹிடாட்சா, அரிக்கரா என்ற மூன்று இனத்தாருக்கு உரியது. ஆனால் 1870-இலும் 1880-இலும் வாஷிங்டனிலிருந்து வந்த ஜனாதிபதி உத்தரவுகள் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. கிரயமும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனிக்கு நிலம் தேவைப்பட்டது. தண்டவாளத்தின் இருபுறமும் சதுரங்கப் பலகை போல ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், கம்பெனிக்குத் தானமாய்ப் போனது. அதே சமயத்தில் தோலுக்காகக் காட்டெருமைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1883 வாக்கில் வடக்கு மந்தை அற்றுப்போய்விட்டது. புல் மட்டும் நின்றது. அதை மேய டெக்சாஸிலிருந்து மாடுகள் வந்தன.

அந்த 1883-இல்தான் நம் கதைக்கு இன்னொரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். மார்கி தெ மொரேஸ் என்று பெயர். பாரிஸில் பிறந்தவர், சேன்-சீர் ராணுவப் பள்ளியில் படித்தவர், வயது 24. நியூயார்க் வங்கி முதலாளி ஒருவரின் மகளைக் கட்டியிருந்தார். மாமனார் பணத்தில் லிட்டில் மிசூரிக் கரையில் பல்லாயிரம் ஏக்கர் வாங்கி, ஓர் ஊரையே உண்டாக்கி, அதற்கு மனைவியின் பெயரை வைத்தார்: மெதோரா. குன்றின் மேல் 26 அறை கொண்ட மரவீடு. ஊரார் அதைச் 'ஷத்தோ' என்று அழைத்தார்கள்.

அவர் யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். உயிரோடு மாட்டை ரயிலேற்றி ஷிகாகோ அனுப்பினால் வழியிலேயே இளைத்துப்போகும். கொம்புக்கும் எலும்புக்கும் சேர்த்து வண்டிக்கூலி கொடுக்க வேண்டும். புல்வெளியிலேயே அறுத்து, பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டியில் இறைச்சியாக அனுப்பினால் என்ன? அறுவைக் கூடம் கட்டினார், பாதை நெடுக ஐஸ் கிடங்கு வைத்தார். ஆனால் புல் மட்டும் தின்ற மாட்டின் கறி, சோளம் போட்டு வளர்த்த மாட்டுக் கறிக்கு ஈடாகவில்லை. வருஷம் முழுக்க அறுப்பதற்குக் கொழுத்த மாடும் கிடைக்கவில்லை. ஷிகாகோவின் பெரிய கம்பெனிகளோடு போட்டியும் போட முடியவில்லை. 1886-இல் கூடத்தை மூடினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்ததும் தன் நிலத்துக்கு அவர் முள்கம்பி வேலி போட்டார். அதுவரை வேட்டைக்காரர்கள் தம் இஷ்டத்துக்குப் போய்வந்த தடங்கள் அடைபட்டன. வேலியை வெட்டினார்கள், சண்டை மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிர் போயிற்று. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து மார்கி விடுதலையானார். பின்னாளில் பிரான்ஸ் திரும்பி யூத வெறுப்பு அரசியலில் முன்னின்றார். ஒரு யூத ராணுவக் கப்பித்தேனை வாள் சண்டையில் கொன்றார். 1896-இல் சஹாராவில் தாமும் கொல்லப்பட்டார். கம்பீரமான மனிதர், நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குப் பக்கத்தில் பண்ணை வைத்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். 1884 பிப்ரவரியில் தாயும் மனைவியும் ஒரே நாளில் இறந்துபோன துக்கத்தோடு இங்கே வந்து 'எல்க்ஹார்ன்' பண்ணையை அமைத்தார். நம்மூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்: அவருக்கு அங்கே ஒரு ஏக்கருக்கும் பட்டா கிடையாது. ரயில் கம்பெனி நிலத்திலும் அரசாங்க நிலத்திலும் மாடு மேய்த்தார். பிற்காலத்து ஜனாதிபதி அன்றைக்குப் புறம்போக்கில் குடியிருந்தவர். அப்போது எல்லோரும் அப்படித்தான்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரே குளிர்காலம் முடிவு கட்டியது. 1886 கோடையில் வறட்சி. தாங்குகிற அளவுக்கு மேல் மாடு. புல் ஏற்கெனவே கரைந்திருந்தது. நவம்பரிலேயே பனி கொட்டியது. ஜனவரியில் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்ததில் புல்லின் மேல் பாறை போல் ஐஸ் மூடிக்கொண்டது. மாடுகளுக்குக் குளம்பால் அதை உடைக்கத் தெரியாது. வைக்கோல் சேர்த்து வைக்கும் வழக்கமும் முதலாளிகளுக்கு இல்லை. வசந்தத்தில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது மாட்டுப் பிணங்கள் மிதந்து போயின. ரூஸ்வெல்ட் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார்; 1898-இல் மிச்சத்தையும் விற்றுவிட்டார்.

இன்று விற்பனைக்கு வரும் குடும்பப் பண்ணைகள் பெரும்பாலும் இந்தச் சாம்பலில் முளைத்தவை. குளிர்காலத்துக்கு வைக்கோல் அறுத்து வைத்தவன் பிழைத்தான். அரசாங்கமும் குடியேறுபவருக்கு 1862 சட்டப்படி 160 ஏக்கர், 1909-இல் 320, 1916-இல் 640 என்று நிலத்தைக் கூட்டிக் கொடுத்தது. ஒரு மாட்டுக்கு வருஷத்துக்கு இருபது, முப்பது ஏக்கர் கூடத் தேவைப்படும் வறண்ட பூமியில் 640-ம் போதாது. தோற்றவன் விற்றான், தாக்குப்பிடித்த பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான். 1930-களின் வறட்சியில் விற்பதற்கும் ஆள் இல்லாமல் போனபோது அரசாங்கமே நிலத்தைத் திரும்ப வாங்கியது. அப்படிச் சேர்ந்ததுதான் பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட லிட்டில் மிசூரி தேசியப் புல்வெளி.

ஆகவே விளம்பரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள ஏக்கர் ஒரு பங்கு. மேய்ச்சல் உரிமம் மட்டும் உள்ள அரசாங்க நிலம் இன்னொரு பங்கு. மண்ணுக்கு மேலே ஒருவர், அடியில் உள்ள எண்ணெய்க்கும் ஜல்லிக்கும் வேறொருவர் என்பதும் அங்கே சாதாரணம். 2007-இல் எல்க்ஹார்னுக்கு எதிர்க்கரையில் ஒரு குடும்பம் தன் 5,200 ஏக்கர் பண்ணையை அரசாங்கத்தின் வனத்துறைக்கு விற்றது. நிலம் காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு பார்த்தால் அடிமண் உரிமையில் ஒரு பங்கு வேறு கையில் இருந்தது. ஜல்லி தோண்டும் தகராறு கிளம்பியது.

குடும்பங்கள் ஏன் விற்கின்றன? காரணம் நாம் அறியாததல்ல. கோத் சிவிலின் சமபங்கு நம்மூர்க் குடும்பங்களில் என்ன செய்தது என்று பார்த்தவர்கள்தானே நாம். அங்கே உயில் எழுதும் சுதந்திரம் அதிகம். ஆனாலும் நான்கு பிள்ளைகளில் ஒருவர் மாடு மேய்க்க, மூவர் நகரத்தில் இருந்தால், அந்த ஒருவரால் மற்றவர் பங்கை வாங்கிக் கட்ட முடியாது. ஏக்கரின் விலை, மாடு ஈட்டிக் கொடுக்கும் வருமானத்தை எப்போதோ தாண்டிவிட்டது. நிலத்தில் கோடீஸ்வரர், கையில் காசில்லாதவர். வேட்டைக்கும் காட்சிக்கும் வாங்குகிற பணக்காரர் வருகிறார். ஒரு குடும்பம் கிளம்பினால் ஊர்ப் பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகள் குறைவார்கள். சில இடங்களில் அதுவே பள்ளியை மூடப் போதும்.

பனியில் கன்று இழுத்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாலு தலைமுறை உழைப்பு பெரிய பத்திரம்தான். ஆனாலும் வில்லங்கம் அப்படியே இருக்கிறது. சற்றுத் தெற்கே, லகோட்டா மக்களிடமிருந்து 1877-இல் எடுத்துக்கொண்ட கறுப்பு மலைக்கு நஷ்டஈடாக, வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் அந்தப் பணத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். வாங்கினால் விற்றதாக ஆகிவிடும் அல்லவா? பணம் கஜானாவில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. கிரயம் கொடுத்தாயிற்று, விற்பவர் கையெழுத்து மட்டும் இல்லை. அப்படி ஒரு பத்திரத்தை எந்த நொத்தேரும் முடித்துக் கொடுக்க மாட்டார்.