பூச்சிய வழு

ஊரில் உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்தவர்கள் நம்மிடையே பலர். நுண்மானித் திருகுக் கணிச்சியை ஆய்வுகூடத்தில் நாலைந்து பேருக்கு ஒன்றாகத் தொட்டிருப்போம். இழிவெண்ணிக்கை என்ன, பூச்சிய வழு உண்டா என்று கொப்பியில் எழுதினோம். செய்முறைப் பரீட்சையோடு மறந்தும் போனோம். பிறகு ரொறன்ரோ போன்ற நகரங்களில் இயந்திரப் பட்டறை வேலைக்குப் போனபோது அதே கருவி மைக்ரோமீற்றர் என்ற பெயரோடு திரும்பவும் கைக்கு வந்தது. இம்முறை அதைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்தது. வட அமெரிக்கப் பட்டறைகளில் அளவுகருவியைத் தொழிலாளியே வாங்கி வைத்திருப்பது பழைய வழக்கம். மலிவானதை வாங்குவதா, பேர்போனதை வாங்குவதா? வீட்டுக்கும் காசு அனுப்ப வேண்டிய முதற் சம்பளத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. கடைக்காரர் சொல்லாத சிலவற்றை இந்தக் கருவியின் வரலாறு நமக்குச் சொல்கிறது.

1867 இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு பித்தளைக் கம்பனி தோட்டாக் கம்பனி ஒன்றுக்குத் தகடு விற்றது. தடிப்புப் பிழை என்று தகடுகள் திரும்பி வந்தன. விற்றவரின் அளவுகோலில் தகடு சரி. வாங்கியவரின் அளவுகோலில் பிழை. மூன்றாவதாக ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து பார்த்தார்கள். மூன்றில் எந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றுமே ஒரே நியமத்துக்குச் செய்தவை. நியமத்தின் பெயர் அங்கே வழக்கைத் தீர்க்கவில்லை.

அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்குப் போன பிரவுன், ஷார்ப் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே ஒரு சிறு திருகுக் கருவியைக் கண்டார்கள். பால்மர் என்ற பிரெஞ்சுக்காரர் 1848 இல் காப்புரிமை பெற்றது அது. பிரான்சில் இருக்கும் நம்மவர்கள் இன்றும் மைக்ரோமீற்றரைப் 'பால்மர்' என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். ஊர் திரும்பிய இருவரும் அதைத் திருத்தி, சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியாக விற்கத் தொடங்கினார்கள். நுண்ணிய அளவு சாதாரணத் தொழிலாளியின் கைக்கு வந்தது அப்படித்தான்.

ஆனால் ஒரு மைக்ரோமீற்றர் சொல்வது சரியென்று யார் சொல்வது? இதற்கு விடை கண்டவர் சுவீடனில் எஸ்கில்ஸ்ருனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோகான்சன். மனைவியின் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்து, அதில் உருக்குக் கட்டைகளைத் தேய்த்து ஒப்பமாக்கினார். 102 கட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்தால் 20,000 வரையான அளவுகள். சுவீடனில் காப்புரிமையும் கிடைத்தது. இரு கருவிகள் முரண்படும்போது சாட்சிக்கு அழைக்க இப்போது ஒரு கட்டை இருந்தது.

இன்று விலையுயர்ந்தது என்று நாம் தயங்கும் பெயர்களில் ஒன்று மிட்டுட்டோயோ. அதைத் தொடங்கிய யெஹான் நுமாட்டா ஒரு பௌத்த ஆலயக் குடும்பத்துப் பிள்ளை. கலிபோர்ணியாவில் படித்துக்கொண்டிருந்தபோது, பௌத்தத்தை அமெரிக்கருக்கு எடுத்துச் சொல்ல 1925 இல் ஒரு சஞ்சிகை நடத்தினார். காசில்லாமல் அது சில ஆண்டுகளில் நின்றது. புலம்பெயர்ந்த மண்ணில் சஞ்சிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடு திரும்பி, சமயப் பணிக்குப் பணம் தேடவே 1934 இல் மைக்ரோமீற்றர் செய்யும் தொழிலைத் தொடங்கினார். போருக்குப் பின் யப்பான் பொருள் என்றாலே மலிவு என்று மேற்கில் முகம் சுளித்த காலமும் இருந்தது. இன்று அதே முகச்சுளிப்பு சீனப் பொருளுக்கு.

ஆகவே பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அளக்கும் கருவி, வரைபடம் அனுமதிக்கும் வேறுபாட்டைவிடப் பத்து மடங்கு நுண்மையாக இருக்க வேண்டும் என்பது பட்டறைகளின் பழைய விதி. 0.2 மில்லிமீற்றர் வேறுபாடு அனுமதிக்கப்பட்ட துண்டுக்கு 0.02 வரை நம்பக்கூடிய கலிப்பர் போதும். மலிவான இலக்கக் கலிப்பர்களில் நல்லவை அதைச் செய்யும். அனுமதி 0.02 தான் என்றால் மைக்ரோமீற்றரைத்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் காசைச் செலவழிக்க வேண்டும். இலக்கத் திரை 0.01 காட்டுகிறது என்பதற்காகக் கருவி 0.01 வரை சரி என்று ஆகாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

விலை எதைத் தருகிறது? திருகின் சீர்மை, தேயாத அளவு முகங்கள், பத்து ஆண்டு கழித்தும் மாறாத இறுக்கம். விலை தராதவையும் உண்டு. நிலத்தில் விழுந்த நல்ல மைக்ரோமீற்றர், சோதித்துப் பார்த்த மலிவு மைக்ரோமீற்றரைவிட ஆபத்தானது. வெட்டிய சூட்டோடு அளந்தால் எந்தக் கருவியும் பிழைதான் காட்டும். அளவுகளுக்கெல்லாம் உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 பாகை. அதற்கு மேல் 10 பாகை சூடான 100 மில்லிமீற்றர் உருக்குத் துண்டு நூறில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டிருக்கும்.

புதிதாக வேலைக்குப் போகிறவருக்கு நாம் சொல்வது இதுதான். கலிப்பரை மலிவாக வாங்குங்கள். 0 முதல் 25 வரையான மைக்ரோமீற்றர் ஒன்றை, பழையதாயினும், நல்லதாக வாங்குங்கள். மிச்சக் காசில் இரண்டு மூன்று அளவுக் கட்டைகளை வாங்குங்கள். கிழமைக்கு ஒருமுறை கட்டையை வைத்துப் பார்த்து, பூச்சிய வழுவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். தரப் பரிசோதகர் நம்முடைய துண்டைத் திருப்பி அனுப்பும் நாளில், வந்த புதிதில் அந்த நாட்டு மொழியில் வாதாட நமக்கு வராது. அன்றைக்குக் கொப்பியையும் கட்டையையும் மேசையில் வைக்கலாம். அவருடைய கருவியையும் அதே கட்டையில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.