முத்திரைத்தாளில் பிறந்த பட்டறை

கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ், புளூவேலி தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ போக வேண்டும். எஸ்.பி.எம். சோதனையில் கோட்டை விட்ட பையன் என்ன செய்வான்? தேயிலைக் காட்டில் இறங்குவான். இல்லையென்றால் கோலாலம்பூருக்கு பஸ் ஏறுவான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் தருவது ஷா ஆலமில் உள்ள மோன்ஃபோர்ட் பாய்ஸ் டவுன். கபிரியேல் சபைக் கத்தோலிக்கச் சகோதரர்கள் தொடங்கியது. வெல்டிங், மோட்டார் மெக்கானிக் வேலை எல்லாம் கற்றுக்கொள்ளலாம். எந்த மதத்தவரும் சேரலாம்.

சாமியார்களின் பள்ளிக்குள் பட்டறை நுழைந்ததற்குப் பல ஊற்றுகள் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது இத்தாலியின் தூரின் நகரத்து ஊற்று.

பிழைப்புத் தேடி அங்கே வந்த ஏழைப் பையன்களைப் பட்டறைக்காரர்கள் அடித்து வேலை வாங்கினார்கள். தொன் போஸ்கோ என்ற குரு முத்திரைத்தாளோடு போய் நின்றார். 1852 பிப்ரவரி 8 தேதியிட்ட தாள் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன்படி ஒரு தச்சர், ஒரு சிறுவனுக்கு இரண்டே ஆண்டில் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் வாயால்தான் திருத்த வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலையோ பலத்துக்கு மீறிய வேலையோ வாங்கக் கூடாது. திருநாள்களில் விடுப்பு. கீழே போஸ்கோவின் கையெழுத்து.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோரில் பலரும் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்தவர்கள்தான். 1910-இல்தான் அந்த முறை ஒழிந்தது. அந்தத் தாள் கூலியாளைத் தோட்டத்தோடு கட்டியது. போஸ்கோவின் தாள் முதலாளியின் கையைக் கட்டியது. இரண்டுக்கும் பெயர் ஒப்பந்தம் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தாள் மட்டும் போதாது என்று அவருக்கே பட்டது. 1853-இல் தன் இல்லத்திலேயே செருப்புத் தைக்கும் பட்டறை தொடங்கினார். மணிக்கூண்டை ஒட்டிய குறுகலான இடம், நாலைந்து பையன்கள். குருவே பலகையில் உட்கார்ந்து தோலைத் தட்டி, குத்தூசியைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினாராம். தையல், புத்தகக் கட்டு, தச்சு, அச்சு, கொல்லுப்பட்டறை எல்லாம் பத்தாண்டுக்குள் வந்துவிட்டன.

1906-இல் அவர் நிறுவிய சலேசியர் சபையினர் தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். பட்டறைப் படிப்பு தமிழ் மண்ணிலும் வேர்விட்டது. கபிரியேல் சகோதரர்கள் வேறு சபை. ஆனால் நடந்த பாதை அதேதான்.

கேமரன் மலையில் இப்போது கொழுந்தை மிஷின் வெட்டுகிறது. ஆளுக்கொரு பக்கமாக இருவர் பிடித்துக்கொண்டு நிரை நிரையாகப் போகிறார்கள். அதன் கத்தியைத் தீட்டி, இஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவன் லயத்தில் பிறந்த பையனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.