அரை கிரவுன் காணிக்கையில் உருவான சாளரம்: பர்மிங்ஹாம் ஆலயத்தின் ‘வேல்ஸ் சாளரம்’

முன்னுரை

ஆலயத்துக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அளிப்பவர் பெரும்பாலும் செல்வந்தராகவோ வசதியான குடும்பத்தாராகவோ இருப்பது வழக்கம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் உள்ள ஒரு சாளரம் தன் கொடையாளராக வேல்ஸ் மக்களைக் குறிப்பிடுகிறது. தனிமனிதர் பெயர் எதுவும் அதில் இல்லை. பணம் திரட்டிய முறையும் சாளரத்தின் உருவப் பொருளும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆலயமும் குண்டுவெடிப்பும்

கறுப்பின மக்கள் 1873இல் தொடங்கிய சபை இது. இன்றுள்ள கட்டடம் 1911இல் நிறைவுற்றது. அதை வடிவமைத்த வாலஸ் ரேஃபீல்டும் கறுப்பினத்தவரே. 1963 மே மாதம் இன ஒதுக்கலுக்கு எதிராக மாணவர்கள் இவ்வாலயத்தில் கூடி ஊர்வலமாகப் புறப்பட்டனர். அருகிலுள்ள கெல்லி இங்கிரம் பூங்காவில் அவர்கள்மீது தீயணைப்புக் குழாய்களால் நீர் பீய்ச்சப்பட்டது. காவல் நாய்கள் ஏவப்பட்டன.

அவ்வாண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளையின மேலாதிக்கவாதக் கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பினர் ஆலயத்தின் வெளிப்படிக்கட்டின் அடியில் வைத்திருந்த குண்டு வெடித்தது. அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன் ஆகிய 14 வயதுச் சிறுமியரும் 11 வயதுடைய டெனிஸ் மெக்நேரும் உயிரிழந்தனர். அன்றைய ஓய்வுநாள் பள்ளிப் பாடம் மன்னிக்கும் அன்பைப் பற்றியது. கிறிஸ்துவைச் சித்திரித்த ஒரு வண்ணச் சாளரம் பெரிதும் தப்பியது. ஆனால் அதில் கிறிஸ்துவின் முகம் சிதறிப்போனது.

நிதி திரட்டிய முறை

வேல்ஸின் கார்மார்தன்ஷயர் பகுதியில் வாழ்ந்த கலைஞர் ஜான் பெட்ஸ் இச்செய்தியை வானொலியில் கேட்டார். இரண்டாம் உலகப்போரின்போது மனச்சான்றின் பேரில் ஆயுதமேந்த மறுத்தவர் அவர். புதிய சாளரம் ஒன்றைச் செய்து தரலாம் என்ற எண்ணத்துடன், கார்டிஃப் நகரிலிருந்து வெளிவந்த ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழின் ஆசிரியர் டேவிட் கோலைத் தொடர்புகொண்டார். நாளிதழ் முதல் பக்கத்தில் வேண்டுகோள் விடுத்தது.

அந்த வேண்டுகோளில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒருவர் அரை கிரவுனுக்கு, அதாவது இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸுக்கு மேல் தரக்கூடாது. பணக்காரர் ஒருவரே முழுத் தொகையையும் கொடுத்துவிடக்கூடாது. வேல்ஸ் மக்கள் அனைவரின் கொடையாக அது அமைய வேண்டும் என்பதே நோக்கம். இலக்காக வைத்த 500 பவுண்டு விரைவில் சேர்ந்தது. இறுதியில் ஏறத்தாழ 900 பவுண்டு திரண்டது. அன்று ஒரு பவுண்டுக்கு எட்டு அரை கிரவுன். வரம்பு முழுமையாகக் காக்கப்பட்டிருந்தால், குறைந்தது 7,200 பேர் கைகொடுத்திருக்க வேண்டும்.

இந்த ஆர்வத்துக்கு முன்வரலாறு உண்டு. கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் கடவுச்சீட்டை அமெரிக்க அரசு பறித்து வைத்திருந்த நிலையில், 1957இல் அவர் தொலைபேசி வழியே போர்த்கால் நகரில் கூடிய வேல்ஸ் சுரங்கத் தொழிலாளருக்குப் பாடினார். சாளரத்துக்கு இது நேரடிக் காரணம் அன்று. எனினும் கறுப்பின அமெரிக்கரின் போராட்டம் வேல்ஸ் தொழிலாளருக்கு அந்நியமானதாக இல்லை என்பதற்கு இது சான்று.

உருவமும் பொருளும்

1965இல் அர்ப்பணிக்கப்பட்ட அச்சாளரத்தில் கிறிஸ்து கறுப்பினத்தவராகத் தோன்றுகிறார். சிலுவையில் அறையப்பட்டவர்போல் கைகள் விரிந்திருக்கின்றன. வலக்கை வெறுப்பையும் அநீதியையும் தடுத்துத் தள்ளுகிறது. இடக்கை மன்னிப்பை நீட்டுகிறது. தலைக்கு மேலே இன ஒற்றுமையைக் குறிக்கும் வானவில். உருவத்தின் குறுக்கே செல்லும் பட்டை, போராட்டக்காரர்மீது பாய்ந்த நீரை நினைவூட்டுவது. அடியில் மத்தேயு 25:40ஐ ஒட்டிய வாசகம் உள்ளது: எளியவருக்குச் செய்வதைக் கிறிஸ்து தமக்கே செய்ததாக ஏற்பார் என்பது அவ்வசனத்தின் கருத்து. குண்டு சிதைத்த முகத்தின் இடத்தில், தாக்கப்பட்ட மக்களின் முகமே கிறிஸ்துவின் முகமாயிற்று.

மன்னிப்பை நீட்டும் கையைத் தனித்துப் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவோம். சாளரம் அர்ப்பணிக்கப்பட்டபோது குற்றவாளி எவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. ராபர்ட் சாம்ப்ளிஸ் 1977இலும், தாமஸ் பிளாண்டன் 2001இலும், பாபி ஃபிராங்க் செரி 2002இலும்தான் தண்டனை பெற்றனர். நீதி இவ்வளவு காலம் தாழ்ந்த இடத்தில், அநீதியை மறுக்கும் வலக்கை இல்லாமல் இடக்கைக்குப் பொருளில்லை.

முடிவுரை

இவ்வாலயம் 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2017இல் உருவான பர்மிங்ஹாம் குடிமை உரிமைப் போராட்டத் தேசிய நினைவிடப் பகுதியிலும் இடம்பெற்றது. வேல்ஸ் சாளரத்தைப் பொதுவாக ஜான் பெட்ஸின் கலைப்படைப்பாகவே பேசுகிறோம். அரை கிரவுன் வரம்பையும் அப்படைப்பின் ஒரு கூறாகக் கொள்ள வேண்டும். எளியவர்மீது விழுந்த அடியைத் தன்மீது விழுந்ததாகக் கருதும் கிறிஸ்துவைக் காட்டும் சாளரத்துக்கு, எளியவரின் சிறு காணிக்கையே பொருத்தமான விலை.