மூஸ் கிராமத்து உபதேசியார்

தென் அந்தமானிலே குட்வில் எஸ்டேட் என்னும் குடியிருப்பில் வாழும் தமிழருக்கு நிக்கோபாரியர் புதியவர் அல்லர். 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேர் நகரின் துறைமுகத்திலும் கடைவீதியிலும் அவர்களை நாள்தோறும் காணலாம். அவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர் என்பதும் பலர் அறிந்த செய்தியே. ஆயின், கார் நிக்கோபார்த் தீவில் அந்தச் சமயம் வேர் பிடிக்கும்படி முதலில் நட்டவர் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஒரு தமிழர் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நாம், நமக்கு முன் சென்ற அந்த ஒருவரை நினைவு கூர்வது தகும்.

தமிழ்நாட்டுச் சபைகளில் ‘பெயர்க் கிறிஸ்தவர்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறுதோறும் ஆலயத்திற்குச் செல்பவர், ஆனால் வாழ்க்கையிலே அதன் சுவடு காணப்படாதவர் என்பது அதன் பொருள். பிறரைச் சுட்டுவதற்கே நாம் இச்சொல்லைப் பெரிதும் பயன்படுத்துகிறோம்; அது வேறு கதை. மெய்யான விசுவாசம் எது, வெளிவேடம் எது என்று பிரித்தறிவது எவர்க்கும் எளிதன்று. எனினும் நிக்கோபாரின் வரலாறு இந்தக் கேள்வியை வியக்கத்தக்க வகையில் சோதித்துப் பார்த்திருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டில் மாநக்கவாரம் எனக் குறிக்கப்பெறும் இத்தீவுகளுக்கும் தமிழ்க் கரைக்கும் தொடர்பு நெடுநாளையது. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தொடர்பு தரங்கம்பாடி வழியாக மீண்டும் தளிர்த்தது. அங்கே கோட்டை கட்டி வாணிகம் செய்த டேனியர், 1756-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிக்கோபாரைத் தம் அரசருடையது என அறிவித்து, அவர் பெயரால் ‘பிரெடரிக் தீவுகள்’ என்று பெயரும் சூட்டினர். தீவில் குடியேற்றம் நிலைபெற வேண்டுமாயின் உழைப்பாளிகளும் போதகர்களும் வேண்டும் அன்றோ? அதற்காக ஜெர்மனியின் மொரேவியச் சகோதரர் அழைக்கப்பெற்றனர். 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, ஊர்ப்புறத்தே தோட்டம் அமைத்துக் கைத்தொழில் செய்து காத்திருந்த அவர்கள், 1768-இல்தான் நான்கவுரித் தீவை அடைய முடிந்தது.

அவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. காய்ச்சல் ஒருபுறம், மொழி தெரியாமை மறுபுறம். 1779 முதல் ஏழாண்டுக் காலம் அங்கே வாழ்ந்த ஹென்சல் என்பவர் பிற்காலத்தில் எழுதிய கடிதங்கள் 1812-இல் இலண்டனில் அச்சாயின. மனிதருடைய பாவத்திற்காக ஒருவர் மரித்தார் என்று இவர்கள் எடுத்துரைத்தபோது, தாங்கள் இயல்பாகவே நல்லவர்கள் என்றும், தீமை எதுவும் செய்ததில்லை என்றும் தீவினர் விடையிறுத்தார்களாம். அண்மையில் சிலரைக் கொன்றீர்களே என்று கேட்டதற்கு, அவர்கள் உயிரோடு இருக்கத் தகாதவர்கள் என்பது பதில். இந்தப் பதிலைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை; இதைவிட நாகரிகமான சொற்களில் இதே பதிலைக் கூறும் நாடுகள் பல உண்டு.

1787-இல் அப்பணி கைவிடப்பட்டது. நான்கவுரியிலேயே பதினொருவர் மாண்டனர். தரங்கம்பாடிக்குத் திரும்பிய சிறிது காலத்திற்குள் மேலும் பதின்மூவர் மாண்டனர். இருபத்து நான்கு உயிர்களுக்கு ஈடாகச் சொல்லிக்கொள்ளத்தக்க சபை எதுவும் எழவில்லை. இவர்களுடைய பக்தி பொய்யென்று எவர் கூறுவார்? ஆள்கணக்கை வைத்துச் சமயப் பணியை அளப்போர் இந்தக் கல்லறைகளின் முன் சற்றே தயங்க வேண்டியிருக்கிறது.

1869-இல் நிக்கோபார் பிரிட்டிஷார் வசமாயிற்று. கமோர்த்தாவிலே கைதிகளின் குடியேற்றம் ஒன்று ஏற்பட்டு 1888-இல் கலைக்கப்பட்டது. இக்காலத்துப் பயணிகள் எழுதி வைத்துள்ள ஒரு செய்தி நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையது. தேங்காய் வாங்க வந்த கப்பல் தலைவர்கள் தீவினருக்கு வேடிக்கையாக ஆங்கிலப் பெயர்களைச் சூட்டினர். ‘இங்கிலாந்தின் நண்பன்’ என்று பெயர் பெற்ற ஊர்த் தலைவர் ஒருவர் கார் நிக்கோபாரில் இருந்தார். அரைக்கச்சையோடு வாழ்ந்த மனிதர்கள் விருந்தினரை வரவேற்கையில் உயர்ந்த கறுப்புத் தொப்பியும் கோட்டும் அணிந்து நின்றனர். தேங்காய்க்கு மாற்றாகத் தொப்பியும் பெயரும் கிடைத்தன. அவற்றை அவர்கள் மகிழ்ந்து ஏற்றனர். அவர்தம் உள்ளத்திலே மாறியது எதுவும் இல்லை. வெளிவேடம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் குற்றமற்ற உதாரணம் கிடைப்பது அரிது. ஏமாற்றும் நோக்கம் அவர்களிடம் சிறிதும் இல்லை. தொப்பி அழகாயிருந்தது, அவ்வளவே.

இந்தச் சூழலில்தான், 1890-களின் நடுப்பகுதியில், வேதப்பன் சாலமோன் கார் நிக்கோபாரின் வடகோடியிலுள்ள மூஸ் கிராமத்தில் வந்து இறங்கினார். போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தொலைவு. ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியார் அவர். குருப்பட்டம் பெற்றவர் அல்லர். அதே வேளையில் அரசாங்கத்தின் ஏஜெண்டும் அவரே. கப்பல்களைக் கண்காணித்தல், தீவில் நடப்பவற்றைப் போர்ட் பிளேருக்கு அறிவித்தல் ஆகியவை அவர் கடமைகள். ஒரு கையில் வேதப் புத்தகமும் மறு கையில் அரசாங்கக் கடிதமும் ஏந்தியவரை நாம் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. அந்த ஐயம் முற்றும் தவறும் அன்று. கொடியின் நிழலில் கூறப்படும் உபதேசத்தில் எது அன்பு, எது அதிகாரம் என்று கேட்பவனுக்கு விளங்குவது கடினம்.

ஆனால் சாலமோனுடைய நாட்குறிப்பைப் படிப்போர்க்கு அவரைப் பற்றி வேறோர் எண்ணமும் உண்டாகும். அக்குறிப்பின் பகுதிகளைத் தீவுகளின் தலைமை ஆணையராயிருந்த ரிச்சர்ட் டெம்பிள் 1902-இல் இலண்டனின் மானிடவியல் சஞ்சிகையில் வெளியிட்டார். ஊரார் கூடும் கடற்கரை வெளியாகிய எல்பனத்தில் நடைபெறும் சடங்குகள், மந்திரவாதிகளின் சிகிச்சை, இறந்தோர்க்கான விழா, கிராம மக்கள் ஒருமித்துச் செய்யும் ‘பேய்க் கொலை’ ஆகியன அதில் இடம்பெற்றன. ஊருக்குத் தீங்கு விளைப்பவன், பேய் பிடித்தவன் என்று கருதப்பட்டவனைப் பலர் கூடிக் கொன்றுவிடுதல் அத்தீவின் பழக்கம். சட்டத்தின் கண்ணில் அது கொலை. ஊரார் கண்ணில் அது துப்புரவுப் பணி. இவற்றுக்கிடையே நாள்தோறும் வாழ்ந்து, பார்த்ததை எழுதி, சிறுவர்களைச் சேர்த்து எழுத்தும் பாட்டும் கற்பித்தவர் சாலமோன். 1909-இல் அவர் காலமானபோது சபை மிகச் சிறியதாகவே இருந்தது. ஆண்டறிக்கை எழுதுவோர்க்கு மகிழ்ச்சி தரும் எண்ணிக்கை அன்று அது.

அவர் பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஹாச்செவ்கா என்பவன் ஒருவன். 1884-இல் மூஸ் கிராமத்தில் பிறந்த அவன் ஞானஸ்நானத்தில் ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றான். பர்மாவின் மாண்டலே நகருக்கு அனுப்பப்பெற்றுக் கல்வி பயின்று, 1912-இல் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஊர் திரும்பினார். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. ஆங்கிலக் கல்வியும் ஆங்கிலப் பெயரும் பெற்றவர் பர்மாவிலேயே தங்கி உத்தியோகம் பார்த்திருக்கலாம்; அவர் தம் மக்களிடையே வாழத் திரும்பினார். தீவில் கால்பந்தாட்டத்தைப் பரப்பியவர் அவர் என்பர். வேதாகமத்தை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தார். 1934-இல் குருத்துவ அபிஷேகம் பெற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த உழைப்புக்குப் பிறகும் தீவு மக்களில் பெரும்பாலோர் தம் முன்னோர் வழியிலேயே நின்றனர். ரிச்சர்ட்சனை மதித்தனர், அவருடைய சமயத்தை ஏற்கவில்லை.

பின்னர் வந்தது யுத்தம். 1942 மார்ச் 23-ஆம் நாள் ஜப்பானியர் போர்ட் பிளேரைக் கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே நிக்கோபாரும் அவர்கள் வசமாயிற்று. கார் நிக்கோபாரில் விமான தளம் அமைக்கத் தீவினர் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். ஆங்கிலம் அறிந்தவன், ஆங்கிலேயரோடு பழகியவன் என்றாலே ஒற்றன் என்ற ஐயம். நேற்று வரை பெருமை தந்த பெயரும் தொப்பியும் ஒரே நாளில் ஆபத்தின் அடையாளங்களாயின.

அந்தமானிலே நிகழ்ந்தவற்றைப் பழைய குடிகள் இன்றும் மறக்கவில்லை. 1944 ஜனவரியில் சீக்கிய மருத்துவரும் கவிஞருமான டாக்டர் திவான் சிங் சித்திரவதையால் சிறையில் உயிர் நீத்தார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹோம்ஃப்ரேகஞ்சில் நாற்பத்து நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நிக்கோபாரின் முறை 1945-இல் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டிஷ் கடற்படை அப்பகுதியைத் தாக்கியது. எதிரிக்குச் சமிக்ஞை காட்டினர் என்ற குற்றச்சாட்டில் தீவினர் பலர் வதைக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் கைது செய்யப்பட்டார். மரணம் அவரை எதிர்நோக்கியிருந்த வேளையில் ஜப்பான் சரணடைந்தது. அதனால் அவர் உயிர் பிழைத்தார். இக்கொடுமைகளுக்காகத் தீவின் ஜப்பானியத் தளபதியை 1946-இல் சிங்கப்பூர் யுத்தக் குற்ற நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது.

ரிச்சர்ட்சன்மீது சாட்டப்பட்ட குற்றம் சமயம் பற்றியதன்று, ஒற்றுவேலை பற்றியது. ஆகவே அவரை ஆதிச் சபையின் இரத்த சாட்சிகளோடு அப்படியே ஒப்பிடுவது மிகையாகும். எனினும் அந்த மூன்றரை ஆண்டுகளில் அவருடைய சமயம் அவருக்கு எந்த ஆதாயமும் தரவில்லை என்பது உறுதி. கொடியின் நிழல் இல்லை. அரசாங்கச் சம்பளம் இல்லை. கப்பலில் வரும் நன்கொடை இல்லை. எந்தத் தொடர்பு முன்பு சலுகையாகத் தோன்றியதோ அதுவே கழுத்துக்குச் சுருக்காயிற்று. சாலமோனுடைய காலத்தில் எவராலும் பிரித்தறிய முடியாதிருந்த அன்பையும் அதிகாரத்தையும் யுத்தம் பிரித்துக் காட்டிவிட்டது. அதிகாரம் ஓடிப்போன பின்னும் அந்த மனிதர் அங்கேயே இருந்தார். தம் மக்கள் பட்டதை அவரும் பட்டார். சொல்லால் ஐம்பதாண்டு விளங்காதது தீவினருக்கு இதனால் விளங்கிற்று என்றே நான் கருதுகிறேன்.

யுத்தத்திற்குப் பின் கார் நிக்கோபாரில் கிராமம் கிராமமாக மக்கள் கிறிஸ்தவராயினர். சில ஆண்டுகளில் ஏறக்குறையத் தீவு முழுவதும் திரும்பிற்று. 1950-இல் ரிச்சர்ட்சன் கல்கத்தாவில் உதவி அத்தியட்சராக அபிஷேகம் பண்ணப்பட்டார். 1952-இல் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பெற்று, அந்தமான் நிக்கோபாரின் சார்பில் முதலாவது மக்களவையில் அமர்ந்தார்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஞானஸ்நானம் பெற்றால் அது விசுவாசமா, ஊரோடு ஒத்து வாழும் வழக்கமா? தலைவர் சேர்ந்தார், நாமும் சேர்ந்தோம் என்பவர்கள் பெயர்க் கிறிஸ்தவர் அல்லரா? தமிழ்நாட்டிலும், குறிப்பாகத் திருநெல்வேலிச் சீமையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமங்கள் திரண்டு சபையில் சேர்ந்தபோது, இதே கேள்வி எழுந்தது. ‘சோற்றுக் கிறிஸ்தவர்’ என்ற ஏச்சும் எழுந்தது. கேள்வியில் நியாயம் உண்டு. கூட்டத்தோடு சென்றவர் நிக்கோபாரிலும் இருந்திருப்பர். இல்லை என்பது மனித இயல்பை அறியாதவர் பேச்சு.

ஆயினும் அத்தீவின் வாழ்க்கை முறையை நாம் அறிதல் வேண்டும். அங்கே துஹெட் எனப்படும் பெருங்குடும்பமே அனைத்திற்கும் அடிப்படை. தென்னந்தோப்பும் பன்றிகளும் பெருங்குடும்பத்தின் உடைமை. திருமணமும் உழைப்பும் உணவும் கூடி முடிவு செய்யப்படுவன. தனியொருவன் தன் அறையில் அமர்ந்து சிந்தித்து மனம் மாறுவதே மெய்யான மனமாற்றம் என்னும் அளவுகோல் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் உருவானது. துஹெட்டை அதனால் அளந்தால் கணக்குப் பிழைபடும். கூடி எடுத்த முடிவு கூடிப் பொறுத்த துன்பத்திற்குப் பின் வந்தது என்பதையும் மறத்தலாகாது. சோறு கிடைக்கும் என்று சேரத் தீவிலே அன்று சோறே இல்லை. தேங்காய் வாங்க வருவோரைத் தவிர வேறு வெளியார் வாராத அந்த ஊரில், எவரை மகிழ்விக்க அவர்கள் வேடம் புனைய வேண்டும்?

இன்றும் நினைத்தவுடன் கார் நிக்கோபாருக்குச் செல்ல இயலாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே குட்வில் எஸ்டேட்டிலிருந்தோ அபெர்தீன் கடைவீதியிலிருந்தோ மூஸ் கிராமத்தைச் சென்று கண்ட தமிழர் மிகுதியாக இரார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த நாளுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப் பேரலை அத்தீவின் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. பிழைத்தவர்கள் உள்நாட்டு மேட்டுநிலத்தில் மீண்டும் துஹெட் துஹெட்டாகக் குடியமர்ந்தனர்.

அத்தியட்சர் ரிச்சர்ட்சன் 1978 ஜூன் மாதத்தில் காலமானார். கார் நிக்கோபாரின் மருத்துவமனை அவர் பெயர் தாங்கி நிற்கிறது. சிறுவன் ஹாச்செவ்காவுக்கு எழுத்தறிவித்த வேதப்பன் சாலமோனுடைய பெயரையோ, பெரும்பாலும், பழைய சஞ்சிகையின் பக்கங்களிலும் அந்தச் சபையாரின் நினைவிலுமே தேட வேண்டியிருக்கிறது.