மன்னார்த் தீவும் இரண்டு எருக்கலம்பிட்டிகளும்

புத்தளத்தை அடுத்த நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி என்றோர் ஊர் உண்டு. அதே பெயர் தாங்கிய மூத்த ஊர் வடக்கே மன்னார்த் தீவில் இருக்கிறது. ஒரு பெயருக்கு இரண்டு ஊர்கள் அமைந்த காரணத்தை நம் பிள்ளைகளுள் பலர் அறியார்.

மன்னாரில் முஸ்லிம்களின் வரலாறு கடலோடு தொடங்குகிறது. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை அரபு வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பது தீவார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவ்வணிகரை இக்கரைக்கு ஈர்த்தது முத்து. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்களைக் கண்டதைத் தம் பயண நூலில் பதிந்துள்ளார். 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் தீவைக் கைப்பற்றியதற்கும் முத்து ஒரு காரணமே.

சலாபக் காலத்தில் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நம்மவர் கடல் கடந்து வந்தனர். காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி மூழ்கிய அவர்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது, எஞ்சியது அரசுக்கு. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் ‘கடல்கட்டி’ மந்திரம் ஓதினாலன்றிக் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்று அக்கால அதிகாரிகள் எழுதியுள்ளனர். மார்க்கம் கற்பிக்கும் நமக்கு இது உவப்பான செய்தியன்று. அதற்காக மறைத்துவிடவும் இயலாது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே தொடங்கிய கப்பல் போக்குவரத்து உறவுகளை இன்னும் நெருக்கியது. 1964இன் புயல் அவ்வழியை அறுத்தது.

1990 அக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தினர். வீட்டையும் வள்ளத்தையும் ஆட்டையும் மாட்டையும் விட்டுக் கடற்கரையில் காத்திருந்து, படகேறிக் கற்பிட்டியில் கரைசேர்ந்தனர். அயல்வீட்டுத் தமிழர் பலர் அழுது வழியனுப்பியதை அவர்களே இன்றும் சொல்கின்றனர். இதனையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஓர் இயக்கம் செய்த அநீதியை ஓர் இனத்தின் தலையில் ஏற்றுவது நீதியாகாது.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். மதீனாவின் அன்ஸாரிகளை நினைவூட்டிய உபகாரம் அது. ஆனால் ஆண்டுகள் நீண்டபோது காணி, தொழில், பல்கலைக்கழக அனுமதி என்று மனத்தாங்கல்களும் எழுந்தன. ‘அகதி’ என்ற சொல் வகுப்பறை வரை வந்தது. ஊரின் பெயரையே புதிய மண்ணுக்குச் சூட்டியவர்களுக்கு அச்சொல் எவ்வளவு வலித்திருக்கும்!

2009இல் போர் முடிந்தபின் பலர் தீவுக்கு மீண்டனர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர். இன்னும் பலர் இரண்டு ஊரிலும் கால் வைத்து வாழ்கின்றனர். 2019 நவம்பர் 16 அன்று, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற பேருந்துகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சொந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதற்குக்கூட அவர்கள் கொடுத்த விலை அது.

1990இல் இருபது வயதாயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். எந்த ஒழுங்கையில் யார் வீடு இருந்தது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது, மையவாடியில் பாட்டனாரின் கபுறு எந்த மூலையில் இருக்கிறது என்பவை அவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வாப்பும்மாவின் அருகில் அமரச் செய்யுங்கள்.