விலாசம்

விலாசம் என்னும் வடசொல் மூலத்தில் ஒளிர்தல், லீலை, தோற்றப் பொலிவு என்றே பொருள்பட்டது. இலங்கையில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோ, பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்துத் தம் வணிகத்துக்கு இட்ட அடையாளத்தை அச்சொல்லால் வழங்கினர். பதுளை, பசறை, நமுனுகுலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பிராக்களுக்குத் தனி இலக்கம் இன்மையால், தோட்டத்தின் பெயரே பலருக்கு, முகவரி என்னும் பொருளில், விலாசமாகி, கடிதமும் தோட்டக் கந்தோர் வழியாகவே கைசேர்ந்தது. இன்று குறுஞ்செய்தியின் தலையில் நிற்கும் வங்கிப் பெயரும் விலாசமே. ஆயின் அதனை நிரப்புபவன் அனுப்புவோனே ஆதலின், தடுப்பு விதியில்லாவிடத்து வஞ்சகனும் 11 எழுத்துக்குள் அப்பெயரைச் சூடிக்கொள்வான் (தோற்றம் என்ற ஆதி அர்த்தம் இங்கே சற்று அதிகமாகவே பொருந்துகிறது), கைத்தொலைபேசியும் அதனை மெய்யான வங்கிச் செய்திகளோடு ஒரே வரிசையில் அடுக்கிவிடும். இவ்வபாயத்தை முன்னிட்டே சிங்கப்பூர், 2023 ஜனவரி 31 முதல் இத்தகைய பெயர்களின் பதிவைக் கட்டாயமாக்கி, பதியாதவற்றின்மேல் மோசடியாக இருக்கலாம் என்ற குறிப்பைப் பொறித்தது.