பனிக்கு 50 சொற்களா? இனுக்டிடுட் மொழியும் அதைப் பேசும் மக்களும்

"எஸ்கிமோக்களின் மொழியில் பனிக்கு மட்டும் 50 சொற்கள் இருக்கு, தெரியுமா?"

யாராவது உங்களிடம் இப்படிச் சொல்லியிருப்பார்கள். சிலர் 100 என்பார்கள். சிலர் 400கூடச் சொல்வார்கள். சொல்பவரைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

கதை தொடங்கியது 1911ஆம் ஆண்டில். மானுடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் தம் நூலில் பனிக்கு 4 சொற்களை எடுத்துக்காட்டாகக் கொடுத்தார். அவ்வளவுதான். 1940இல் பெஞ்சமின் லீ வோர்ஃப் அதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். பிறகு பாடநூல், பத்திரிகை என்று கைமாறக் கைமாற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1984இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் ஒன்று 100 என்றது. இரண்டே ஆண்டுகளில் லாரா மார்ட்டின் எனும் மானுடவியலாளர் இந்த எண் எப்படி ஊதிப் பெருத்தது என்பதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் கட்டுக்கதை ஓயவில்லை.

முதலில் "எஸ்கிமோ" என்ற சொல்லை விட்டுவிடுவோம். அது வெளியார் வைத்த பெயர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் பலர் அதை இழிவாகவே பார்க்கிறார்கள். அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது "இனுயிட்" என்று. பொருள்: மக்கள். ஒருவர் என்றால் "இனுக்". இரண்டு பேர் என்றால் "இனூக்". ஆமாம், ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருமை என்று ஒன்று இந்த மொழியில் இருக்கிறது. "இனுக்டிடுட்" என்றால் "ஓர் இனுக்கைப் போல" என்று பொருள். அப்படிப் பேசுவதுதான் மொழியின் பெயர்.

ஒரு சொல்லே ஒரு வாக்கியம்

சரி, பனிக்கு உண்மையில் எத்தனை சொற்கள்? கேள்வியே கொஞ்சம் தப்பு.

இனுக்டிடுட்டில் ஒரு வேர்ச்சொல்லை எடுத்து, அதன் பின்னால் ஒட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். "துசா" என்றால் கேட்பது. அதோடு "நன்றாக" என்பதற்கு ஓர் ஒட்டு, "முடியும்" என்பதற்கு ஒன்று, "இல்லை" என்பதற்கு ஒன்று, "ரொம்பவே" என்பதற்கு ஒன்று, கடைசியில் "நான்" என்பதற்கு ஒன்று. எல்லாம் சேர்ந்தால் "துசாட்சியருன்னங்ஙிட்டுவலூயுங்க". "எனக்கு அவ்வளவு நன்றாகக் காது கேட்காது" என்பதை ஒரே மூச்சில், ஒரே சொல்லில் சொல்லியாகிவிட்டது!

"வந்துகொண்டிருந்திருப்பான்" என்று சர்வசாதாரணமாகச் சொல்பவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் இனுக்டிடுட் இந்த விளையாட்டில் நம்மைவிடப் பல படிகள் மேலே. பெயர்ச்சொல்லையே வினைக்குள் விழுங்கிக்கொள்ளும். இப்படிச் சொற்களைப் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகும் மொழியில் பனிக்கு இத்தனை சொல் என்று எண்ணி முடிக்க முடியாது. எந்தப் பொருளுக்கும் முடியாது.

வேர்ச்சொற்கள் சில இருப்பது உண்மை. விழுந்துகொண்டிருக்கும் பனி "கனிக்". தரையில் கிடப்பது "அபுட்". அடியில் சர்க்கரைபோல் பொடிப்பொடியாக இருப்பது "புகாக்". கால் புதையும் மென்பனி "மௌயாக்". கடல் உறைந்த பனிக்கட்டிக்குத் தனிப் பட்டியலே உண்டு. கரையோடு ஒட்டி அசையாமல் நிற்பது "துவாக்". அது முடிந்து திறந்த கடல் தொடங்கும் விளிம்பு "சினாக்". கடல்நாய் வேட்டைக்கு அந்த விளிம்புக்குத்தான் போகவேண்டும். விளிம்பு உடைந்து மிதக்கத் தொடங்கினால் அதில் நிற்பவரும் சேர்ந்து போய்விடுவார். எது துவாக், எது சினாக் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே சொல்வளம் வளர்க்கும் பாடம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எங்கே பேசுகிறார்கள்?

அலாஸ்காவிலிருந்து கனடா வழியாகக் கிரீன்லாந்துவரை இனுயிட் மொழிகள் சங்கிலிபோல் தொடர்கின்றன. அதில் கனடாவின் கிழக்கு ஆர்க்டிக் பகுதியில் வழங்குவது இனுக்டிடுட். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் இனுயிட் மக்கள் சுமார் 70,000 பேர். அவர்களில் 30,000க்கும் மேற்பட்டோர் இனுக்டிடுட் பேசுகிறார்கள்.

மையம், நுனாவுட். "நம் நிலம்" என்று பொருள். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தனிப் பிரதேசமாக உருவானது. பரப்பளவில் கனடாவின் ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகையோ 37,000 அளவுதான். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. தலைநகர் இக்காலுவிட், "மீன்கள் நிறைந்த இடம்".

முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கிறது?

எழுத்துமுறை தமிழ் படித்தவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வடிவம். எந்த உயிர் சேர்கிறது என்பதை அந்த வடிவம் திரும்பியிருக்கும் திசை சொல்லும். முக்கோணக் கூரைபோன்ற ஒரு குறி மேலே பார்த்தால் "பி". வலப்பக்கம் பார்த்தால் "பு". இடப்பக்கம் பார்த்தால் "ப". உயிர் மூன்றே மூன்று: அ, இ, உ. மூன்றுக்கும் நெடில் உண்டு. தனி மெய்யாக இருந்தால் எழுத்தைச் சின்னதாக மேலே எழுதுவார்கள். நம் புள்ளி செய்யும் அதே வேலை.

இந்த முறை இனுயிட் மக்கள் உருவாக்கியது அல்ல. 1840 வாக்கில் ஜேம்ஸ் எவன்ஸ் எனும் பாதிரியார் கிரீ மொழிக்காக வகுத்தது. பிறகு மற்றப் பாதிரிமார்கள் இனுக்டிடுட்டுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். பைபிள் பரப்ப வந்த எழுத்து, வீட்டுக்கு வீடு தாய் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பரவியது. இன்று பலருக்கு அது அடையாளச் சின்னம்.

ஒரு சுவாரசியம். முன்பு நான்காவது திசையும் இருந்தது, "ஐ" ஒலிக்காக. 1976இல் எழுத்தைச் சீர்ப்படுத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். காரணம் தட்டச்சு இயந்திரம். அத்தனை குறிகளுக்கு அதில் இடமில்லை. "ஐ"க்குப் பதில் "அய்" என்று எழுதிச் சமாளித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூபெக்கின் வடபகுதியான நுனாவிக் மக்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் பழைய எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேறு சில வட்டாரங்களில் ரோமன் எழுத்து. 2019இல் கனடாவின் தேசிய இனுயிட் அமைப்பு, எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவான ஒரு ரோமன் எழுத்துமுறையை ஏற்றது. ஆனால் யார் மீதும் அதைத் திணிக்கவில்லை. திணித்திருந்தால் பெரிய சண்டை வந்திருக்கும்!

பெயருக்குப் பதில் எண்

இனுயிட் வழக்கில் பெயர் என்பது கூப்பிடுவதற்கான அடையாளம் மட்டுமல்ல. குடும்பத்திலோ ஊரிலோ ஒருவர் இறந்தபின் பிறக்கும் குழந்தைக்கு அவர் பெயரை வைப்பார்கள். பெயரோடு அவரும் திரும்பி வருகிறார் என்பது நம்பிக்கை. பாட்டி பெயரைத் தாங்கிய குழந்தையைப் பெற்ற தாயே "அம்மா" என்று கூப்பிடுவார். ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவும் இல்லை. தாத்தாவின் பெயர் பேத்திக்குப் போகலாம். குடும்பப் பெயர் என்ற ஒன்று அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

அரசாங்கத்துக்கு அது தலைவலி. இணையப் படிவத்தில் "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தைப் பார்த்து அப்பா பெயரைப் போடுவதா, காலியாக விடுவதா என்று திணறியவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். ஆனால் கனடா எடுத்த முடிவு திணறலோடு நிற்கவில்லை. 1941 முதல் ஒவ்வோர் இனுயிட்டுக்கும் ஒரு வட்டத் தகடு கொடுக்கப்பட்டது. காசு அளவு. அதில் ஓர் எண். கிழக்கே இருப்பவர் என்றால் "ஈ", மேற்கே என்றால் "டபிள்யூ" என்று தொடங்கும். கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொள்ளலாம், உடையில் தைத்துக்கொள்ளலாம். அரசாங்கத்தின் குடும்ப உதவித்தொகை வேண்டுமா? எண்ணைச் சொல்லவேண்டும். மருத்துவமனைப் பதிவா? அதற்கும் எண்தான்.

1960களின் இறுதியில் அதை மாற்ற இன்னொரு திட்டம் வந்தது. இனுக் ஒருவரான ஏப் ஓக்பிக் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்பப் பெயர் பதிந்தார். எண் போனது. ஆனால் யார் பெயரை யார் தாங்குகிறார் என்ற பழைய கணக்கு எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. இனுயிட் பாடகி லூசி இட்லவுட் தம் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு வைத்த தலைப்பு: "ஈ5-770, என் தாயின் பெயர்".

மொழி ஏன் தளர்ந்தது?

அந்தக் காலத்தில்தான் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை. காசநோய் வந்தவர்களைக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. அதற்காகக் கனடியப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2019 மார்ச்சில் இக்காலுவிட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

நாய்களின் கதை தனி. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள் இல்லாமல் வேட்டை இல்லை, பயணம் இல்லை. நுனாவிக்கில் 1950களின் நடுப்பகுதி தொடங்கி 1960களின் இறுதிவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. கொன்றவர்களில் போலீஸ்காரர்களும் அடக்கம். நாய் போனதும் வேட்டை போனது. வேட்டை போனதும் நிலத்தோடு சேர்ந்து கற்ற சொற்கள் போயின.

2024 நவம்பரில் கங்கிக்சுயுவாக் எனும் ஊரில் கனடிய அரசாங்கத்தின் சார்பில் ஓர் அமைச்சர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 45 மில்லியன் கனடிய டாலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. அந்த அமைச்சர் யார் தெரியுமா? இலங்கையில் பிறந்த தமிழரான கேரி ஆனந்தசங்கரி.

தொலைக்காட்சி வேண்டாம்!

செய்திப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இக்லூலிக் எனும் ஊருக்குத் தொலைக்காட்சி தர முன்வந்தபோது, 1975இல் ஊர்மக்கள் வாக்களித்து மறுத்தார்கள். 1979இல் மீண்டும் கேட்டார்கள். மீண்டும் மறுப்பு. காரணம் எளிது: வரப்போவதில் இனுக்டிடுட் நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. இனுயிட் ஒளிபரப்புக் கழகம் தொடங்கப்பட்ட பிறகு, 1983இல்தான் சரி என்றார்கள்.

அந்த ஊரைச் சேர்ந்த சக்கரியாஸ் குனுக் பின்னாளில் "அதனர்யுவாட்" படத்தை இயக்கினார். முழுக்க இனுக்டிடுட்டில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம். 2001இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான விருதைப் பெற்றது. கண்டிப்பாகப் பாருங்கள். பனியில் ஒருவர் உடையில்லாமல் ஓடும் காட்சி மனத்தை விட்டுப் போகாது.

தொண்டைப் பாட்டும் இப்படித்தான் திரும்பி வந்தது. இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று மூச்சாலும் தொண்டையாலும் மாறி மாறி ஒலி எழுப்புவார்கள். முதலில் சிரித்துவிடுபவர் தோற்றார்! பாதிரிமார்கள் தடுத்த அந்த விளையாட்டை 2014இல் கியூபெக் மாநிலம் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

பள்ளியில் என்ன நடக்கிறது?

நுனாவுட்டில் இனுக்டிடுட் அதிகாரத்துவ மொழி. 2008இல் மொழிப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பிள்ளைகள் எல்லா வகுப்புகளிலும் தாய்மொழியில் படிப்பார்கள் என்பது வாக்குறுதி. முதலில் சொன்ன இலக்கு 2019-2020 கல்வியாண்டு. ஆசிரியர்கள் போதவில்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது கெடு 2039. அதாவது அந்த ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை, படித்து முடித்து வேலைக்கே போயிருக்கும்.

நுனாவுட் இனுயிட் மக்களைப் பிரதிநிதிக்கும் அமைப்பு 2021இல் பிரதேச அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்க முடிகிறது, பெரும்பான்மையினரின் மொழியில் முடியவில்லை, இது பாகுபாடு இல்லையா என்பது அவர்கள் வாதம்.

கடலுக்கு அப்பால் கிரீன்லாந்தைப் பாருங்கள். அங்கே இனுயிட் மொழியான கலாலிசுட் 2009 முதல் ஒரே அதிகாரத்துவ மொழி. 57,000 பேர் வாழும் நாட்டில் பெரும்பாலானோர் அதைப் பேசுகிறார்கள்.

புதிய சொற்கள்

கணினிக்கு இனுக்டிடுட்டில் "கரசௌயாக்". மூளையைப் போன்றது என்று பொருள். இணையத்துக்கு "இக்கியாக்கிவிக்". ஆவியுலகத் தொடர்புள்ள பூசாரிகள் அடுக்குகளைக் கடந்து பயணம் போய்த் தொலைவில் நடப்பதை அறிந்து வருவதைக் குறித்த பழஞ்சொல். மொழி ஆணையராக இருந்த ஈவா ஆரியாக் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் அவர் நுனாவுட்டின் முதல்வரானார்.

2024 அக்டோபரில் கூகல் மொழிபெயர்ப்புச் சேவை இந்த மொழியைச் சேர்த்துக்கொண்டது. முக்கோண எழுத்திலும் பார்க்கலாம், ரோமன் எழுத்திலும் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அது உதவாது. நுனாவுட்டில் ஒருவர் உங்கள் கேள்விக்கு வாயே திறக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்தினால் "ஆமாம்". மூக்கைச் சுருக்கினால் "இல்லை".